முப்பதும் முப்பதும் ஐம்பது: ஒரு தையல்காரரின் மாற்றுத்திறனாளி சான்று

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர் 52 வயது தையல்காரர். தமிழ்நாட்டில் ஒரு சிறு ஊர். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். நானும் இன்னும் மூன்று பேரும் ஓய்வு நேரத்தில் மாற்றுத்திறனாளி சான்று, உதவித்தொகை மனு போன்றவற்றுக்கு ஆட்களுடன் அலைந்து கொடுக்கிறவர்கள். யாரும் டாக்டரோ வக்கீலோ இல்லை. நாங்கள் உதவிசெய்து நன்றாக முடிந்த கதை என்று இதைச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் முதல் தடவை காரியம் கெட்டதில் பாதிப் பங்கு என்னுடையது.

அவருக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருடம். முதல் பத்து வருடம் மாத்திரை போட்டார், மறந்தார், மறுபடியும் போட்டார். 2019இல் வலது கால் கட்டைவிரலில் நகம் வெட்டும்போது ஒரு சின்ன கீறல். கால் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை, வாடை வந்த பிறகுதான் வீட்டில் கவனித்தார்கள். கட்டைவிரலை எடுத்தார்கள். 2021இல் அதே காலில் மறுபடியும் புண், இந்தத் தடவை பாதத்தின் முன்பகுதியையே எடுக்க வேண்டி வந்தது. புண் முழுவதும் ஆற ஏழெட்டு மாதம் ஆனது. 2022இல் இடது கண்ணுக்குள் ரத்தக்கசிவு. காலையில் எழுந்தவர் கண்ணில் கருப்புத் துணி தொங்குவது போல இருக்கிறது என்றார். அறுவை சிகிச்சை செய்தும் விழித்திரை ஒட்டவில்லை. இப்போது அந்தக் கண்ணுக்கு நேரே ஒரு மீட்டர் தூரத்தில் விரலைக் காட்டினால் எண்ணுவார், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வலது கண்ணுக்கு லேசர் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி போட்டால் 6/18 வரை படிக்கிறார், அதாவது நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில் படிக்கிறார்.

இதை அவருடைய தொழிலோடு சேர்த்துப் பாருங்கள். ஊசியில் நூல் கோர்க்கக் கண் வேண்டும், கருப்புத் துணியில் கருப்பு நூல் தையல் நேராகப் போகிறதா என்று பார்க்க நல்ல கண் வேண்டும். மெஷினை மிதிக்கப் பாதத்தின் முன்பகுதி வேண்டும், குதிகாலை வைத்து யாரும் மிதிப்பதில்லை. சர்க்கரை எடுத்துக்கொண்டதெல்லாம் சரியாக அவர் தொழிலுக்கு வேண்டிய இரண்டு இடங்களைத்தான். 2022 கடைசியில் கடையை மூடிவிட்டார். மனைவி வீட்டில் உட்கார்ந்து ஃபால்ஸ் அடித்தும் ஹெம்மிங் செய்தும் குடும்பத்தை ஓட்டினார். மகன் கல்யாணமாகி வேறு ஊரில் தனிக்குடித்தனம்.

முதல் விண்ணப்பம்

2023 ஜனவரியில் அவர் மனைவி எங்களிடம் வந்தார். அவர் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: “தம்பி, சுகருக்கு கவர்மெண்ட்ல கார்டு குடுக்கறாங்களாமே, நிஜமா?”

சர்க்கரை நோய்க்கு என்று தனியாகக் கார்டு எதுவும் கிடையாது. அது எனக்குத் தெரியும். கண் போனதற்குக் கிடைக்கும் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை, “எல்லா ஃபைலையும் எடுத்துட்டுப் போங்க” என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அவர்களிடம் இருந்தது நான்கு விரல் தடிமனுள்ள ஒரு சர்க்கரை ஃபைல். பதினெட்டு வருட ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு, ஈ.சி.ஜி. எல்லாம் இருந்தன. காலை எடுத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டும் அதற்குள்தான் எங்கேயோ கிடந்தது.

இ-சேவை மையத்தில் யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) தளத்தில் விண்ணப்பம் போட்டார்கள். என்ன வகைக் குறைபாடு என்று அந்தப் படிவம் கேட்கும். மையத்துப் பையன் “என்ன பிரச்சினை அண்ணா” என்று கேட்க, இவர் “கண்ணு” என்று சொல்ல, அவன் பார்வை சம்பந்தப்பட்ட வகையை மட்டும் தட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டான். காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அப்புறம் நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, “அதுதான் ஆறிப்போச்சே தம்பி” என்றார். புண் ஆறியது வேறு, பாதம் இல்லாமல் போனது வேறு. அவர் மனத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன.

அரசு மருத்துவமனையில் நடந்த முகாமில் கண் டாக்டர் பார்த்தார். சர்க்கரை ஃபைலைப் புரட்டக்கூட இல்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. இரண்டு கண்ணையும் தனித்தனியாக அளந்து 30 சதவீதம் என்று எழுதினார். முகாம் முழுக்க இவர் ஷூவோடுதான் உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் ஃபோம் அடைத்த ஷூ, பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும்.

சில வாரங்களில் வெள்ளை அட்டை வந்தது.

அட்டை வந்த பிறகு பார்த்தது

யூ.டி.ஐ.டி. அட்டையில் மூன்று நிறம் உண்டு. 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 (நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19) பெரும்பாலான சலுகைகளுக்கு வைத்திருக்கும் வாசற்படி 40 சதவீதம். 30 சதவீத வெள்ளை அட்டையும் குறைபாடு இருக்கிறது என்பதற்கு அரசு கொடுத்த சான்றுதான், ஆனால் அதைக் காட்டிப் பெறக்கூடியது மிகக் குறைவு.

அவர் மனைவிக்குக் கோபம். “ஒரு கண்ணு சுத்தமா போச்சு, அதுக்கு முப்பதுதானா?” நியாயமான கேள்வி. ஆனால் டாக்டர் தப்பாக எதுவும் எழுதவில்லை. அப்போது நடைமுறையில் இருந்தது 2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதல். அதில் பார்வைக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. நல்ல கண் எவ்வளவு, மோசமான கண் எவ்வளவு என்று இரண்டையும் வைத்துத்தான் சதவீதம் வரும். அளப்பதும் கண்ணாடி போட்ட பிறகு, சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகு தெரிகிற பார்வையை. நல்ல கண் 6/18 அல்லது அதைவிட நன்றாக இருந்து, மற்றக் கண் 3/60க்கும் கீழே போயிருந்தால் 30. ஒற்றைக்கண் உள்ளவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற இடம் அது. அதே நல்ல கண் ஒரே ஒரு வரி குறைந்து 6/24 ஆகியிருந்தால் 60 என்று எழுதியிருப்பார்கள். சார்ட்டில் ஒரு வரிதான் வித்தியாசம், சதவீதம் இரட்டிப்பு. எனக்கு இது இன்றைக்கும் விசித்திரமாகத்தான் படுகிறது, ஆனால் அட்டவணை அப்படித்தான்.

அப்புறம் “சுகருக்கு இல்லையா” என்ற பழைய கேள்வி மறுபடியும் வந்தது. இதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் நோயின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. அவற்றில் சில நோயின் பெயரிலேயே இருக்கின்றன: பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாள் செல் நோய். மற்றவை உடலோ மனமோ எதை இழந்திருக்கிறது என்பதன் பெயரில் இருக்கின்றன: பார்வையின்மை, குறைபார்வை, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு இப்படி. சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் இல்லை. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை, மாரடைப்பு இல்லை, புற்றுநோயும் இல்லை. ஆனால் சர்க்கரையால் கண் போனால் அது பார்வைக் குறைபாடு, கால் போனால் இயக்கக் குறைபாடு. புற்றுநோய்க்காகக் கையை எடுத்திருந்தாலும் அப்படித்தான். எதனால் போனது என்பது சான்றில் ஒரு வரியாக வரும், சதவீதத்தை முடிவு செய்வது எது போனது என்பதுதான்.

இதை அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெரிய அறிவாளி மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவில் கால் வியர்க்கிறது என்று அவர் ஷூவைக் கழற்றினார். வலது பாதம் பாதியில் நின்றது.

எனக்கு அது தெரியாத விஷயம் இல்லை. கால் விரலை எடுத்தார்கள் என்று அவர் மனைவி முதல் நாளே சொல்லியிருந்தார், நான் ஒரு விரல் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒரு விரலுக்கும் முன்பாதம் முழுவதற்கும் அட்டவணையில் எவ்வளவு தூரம் என்று பிறகுதான் பார்த்தேன். கால் கட்டைவிரல் மட்டும் போனால் 10. எல்லா விரல்களும் போனால் 20. முன்பாதம் வரை எடுத்திருந்தால் 30. நடுப்பாதம் வரை என்றால் 40.

எடுத்த முடிவும் காரணமும்

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. நான்காவதாக ஒன்றை வேறொருவர் காட்டினார்.

முதல் வழி மேல்முறையீடு. சான்று வழங்கும் அதிகாரியின் முடிவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆவது பிரிவு இடம் தருகிறது. நாங்கள் அதை எடுக்கவில்லை. கண்ணுக்குப் போட்ட 30 சரியான எண். சரியான எண்ணை எதிர்த்து மேல்முறையீடு செய்தால் ஆறு மாதம் கழித்து அதே எண் திரும்பி வரும். டாக்டர் செய்தது தவறு இல்லை, அவர் முன்னால் நாங்கள் வைத்தது பாதி ஆள்.

இரண்டாவது, காத்திருப்பது. வலது கண் இன்னும் மோசமாகட்டும், அப்போது தானாகவே 60 வரும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். இதை ஒரு யோசனையாகச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை, ஆனால் இதுபோல நிறையக் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது, காலையும் சேர்த்துப் பல்வகைக் குறைபாடு என்று மறுமதிப்பீடு கேட்பது. அதைத்தான் செய்தோம்.

நான்காவது வழியைக் காட்டியவர் ஒரு ஏஜென்ட். பணம் கொடுத்தால் 75 போட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். 75 என்ற எண்ணை அவர் சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு, கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவில் வர அந்த அளவு வேண்டும். தையல்காரரின் மனைவி ஒரு நாள் முழுக்க யோசித்தார், அவரைக் குறைசொல்ல மாட்டேன். நாங்கள் வேண்டாம் என்றோம். பொய்ச் சான்றில் சலுகை பெற்றால் அதே சட்டத்தின் 91ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டிக்கொண்டால் ஏஜென்ட் இருக்க மாட்டார், இவர்தான் நிற்பார். இன்னொன்று, பொய்யே தேவைப்படாத ஆள் இவர். உண்மையைச் சரியாக அடுக்கி வைத்தாலே போதும் என்று தோன்றியது.

மகன் இன்னொன்று கேட்டார். அப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் போகிறது, கிரியாட்டினின் கூடியிருக்கிறது, அதையும் சேர்க்கலாமா? பட்டியலில் இல்லாததைக் கொண்டுபோய் வைத்தால் மேசையில் காகிதம் கூடும், சதவீதம் கூடாது. அந்த ரிப்போர்ட்டுகள் சிறுநீரக டாக்டரிடம் போகட்டும் என்று எடுத்து வைத்துவிட்டோம்.

இதையெல்லாம்விடக் கடினமாக இருந்தது அவரைச் சம்மதிக்க வைப்பது. கண்ணுக்கு அட்டை வாங்க ஒப்புக்கொண்டவர் காலுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. “நான் நொண்டி இல்ல தம்பி. நடந்துதானே வந்தேன்?” என்றார். ஷூ போட்டால் யாருக்கும் தெரியாது என்பதுதான் இரண்டு வருடமாக அவர் காப்பாற்றி வைத்திருந்த ஒரே விஷயம். நாங்கள் பேசிப் பலன் இல்லை. கடைசியில் அவர் மனைவி மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்த மெஷினைக் காட்டி, “அப்ப உக்காந்து மிதிங்க பாப்போம்” என்றார். அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் போன் செய்து எப்போது போகலாம் என்று கேட்டார்.

இரண்டாவது முகாம்

இந்தத் தடவை தடிமனான ஃபைலை வீட்டிலேயே வைத்துவிட்டோம். எடுத்துப் போனவை: பழைய சான்றும் வெள்ளை அட்டையும், ஆதார், 2021 அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சீட்டு, பாதத்தின் புதிய எக்ஸ்ரே, இரண்டு கண்ணின் பார்வை அளவும் கண்ணாடியோடு எடுத்த கண் ரிப்போர்ட், அதோடு பார்வைப் புலப் பரிசோதனை (நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளப்பது). கடைசியில் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. வலது கண்ணுக்கு லேசர் போட்டிருந்தார்கள். விழித்திரையின் ஓரங்களில் பரவலாக லேசர் போட்டால் நேர்ப்பார்வை காப்பாற்றப்படும், ஆனால் சிலருக்குப் பக்கப்பார்வை குறுகும். வழிகாட்டுதலில் நேர்ப்பார்வை நன்றாக இருந்தாலும் பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே குறுகியிருந்தால் மேல்படிக்குப் போகலாம். முதல் முகாமில் இதை யாரும் எடுத்துப் போகவில்லை. இப்போது எடுத்ததில் அவருக்குப் புலம் 40 டிகிரிக்கு மேல்தான் இருந்தது. ஆக, எண் மாறவில்லை. சரி, தெரிந்துகொண்டோமே என்ற அளவில் அது முடிந்தது.

2023 ஆகஸ்டில் முகாம். கண் டாக்டரிடம் ஒரு வேடிக்கை நடந்தது, வேடிக்கை என்று சொல்லலாமா தெரியவில்லை. சார்ட்டைப் படிக்கச் சொன்னால் இவர் தெரியாத எழுத்தையும் ஊகித்துச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக் காட்டுகிற பையன் மாதிரி கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, இரண்டு ஊகம் சரியாகவும் வந்துவிட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே, “ஐயா, தெரிஞ்சதைச் சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, இங்க மார்க் போடறதில்ல” என்றார். தெரிவதைத் தெரியாது என்று சொல்வது மோசடி. தெரியாததைத் தெரிகிறது என்று சொன்னால் நஷ்டம் அவருக்கே. பெருமைக்காக அப்படிச் சொல்கிறவர்களும் எங்கள் அனுபவத்தில் குறைவில்லை. மறுபடி அளந்தும் வலது கண் 6/18தான். 30 அப்படியே நின்றது.

எலும்பு டாக்டர் அறையில் ஷூவைக் கழற்றச் சொல்லி அவர் மனைவிதான் முதலில் சொன்னார். டாக்டர் பாதத்தைப் பார்த்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வெட்டு எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீளமான எலும்புகளின் நடுவில் வெட்டு விழுந்திருந்தது, ஆகவே முன்பாதம் வரை, 30. அந்த எலும்புகளும் முழுதாகப் போய் வெட்டு இன்னும் பின்னால் விழுந்திருந்தால் நடுப்பாதம் என்று 40 வந்திருக்கும், அதை மட்டும் வைத்தே மஞ்சள் அட்டை கிடைத்திருக்கும். எக்ஸ்ரே இல்லாமல் போயிருந்தால் வேறொரு நாள் வரச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அவர் டாக்டரிடம் தன் தொழிலைச் சொன்னார். மெஷின் மிதிக்க முடியவில்லை என்றார். டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார், ஆனால் அதற்கு அட்டவணையில் இடம் இல்லை. இதே பாதம் ஒரு கணக்குப்பிள்ளைக்கு இருந்தாலும் 30தான், தையல்காரருக்கும் 30தான். உடலில் என்ன குறைந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது, வாழ்க்கையில் என்ன குறைந்தது என்பதைச் சொல்வதில்லை. இதில் எனக்கு இரண்டு மனம். தொழிலையும் சேர்த்து அளக்கத் தொடங்கினால் டாக்டருக்கு டாக்டர் எண் மாறும், ஏஜென்ட்டுகளுக்குக் கொண்டாட்டம். ஆனாலும் மூடிக் கிடந்த அந்தக் கடை எந்தக் கட்டத்திலும் வரவில்லை என்பது அன்றைக்கு உறுத்தியது.

கணக்கு

முப்பதும் முப்பதும் அறுபது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பல்வகைக் குறைபாட்டில் நேராகக் கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை முதலில் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். 90இலிருந்து அந்தப் பெரிய எண்ணைக் கழிப்பார்கள். வந்ததைச் சின்ன எண்ணால் பெருக்கி 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு கூட்டுவார்கள். இவருக்கு இரண்டுமே 30. 90இல் 30 போனால் 60. 60ஐ 30ஆல் பெருக்கினால் 1,800. 90ஆல் வகுத்தால் 20. முப்பதோடு இருபது, ஐம்பது.

இதன் பொருளை அவர் மனைவிக்குத் துணியை வைத்துச் சொன்னேன், அவர்களுக்கு அதுதானே மொழி. ஒரு துணியில் முதல் வெட்டு முழுத் துணியில் விழுகிறது, இரண்டாவது வெட்டு மிச்சமிருக்கும் துணியில்தான் விழும். “அப்ப ரெண்டாவது துண்டு சின்னதாத்தான் வரும்” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

தனித்தனியாக 40ஐத் தொடாத இரண்டு குறைபாடுகள் சேர்ந்தால் தாண்டக்கூடும் என்பதை நிறையப் பேர் அறிந்திருப்பதில்லை. எப்போதும் தாண்டும் என்றும் இல்லை. கட்டைவிரல் மட்டும் போயிருந்த 2019 நிலைமையில் இவர் கண்ணும் போயிருந்தால், 30ம் 10ம் சேர்ந்து 37க்குக் கொஞ்சம் கீழேதான் வந்திருக்கும்.

இந்த எண்களெல்லாம் 2018 வழிகாட்டுதலின்படி போட்டவை. 2024 மார்ச்சில் திருத்திய வழிகாட்டுதல் வந்துவிட்டது. இப்போது விண்ணப்பிக்கிறவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டைக்குப் பிறகு

பல்வகைக் குறைபாடு, 50 சதவீதம், மஞ்சள் அட்டை. கையில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கால் திரும்ப வளரப் போவதில்லை, அந்தக் கண்ணும் திரும்பாது என்பதால் நிரந்தரச் சான்றாகவே கொடுத்தார்கள்.

முதலில் பயன்பட்டது பஸ்ஸில். 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசம், கண் ஆஸ்பத்திரிக்கும் கால் செக்கப்புக்கும் மாதத்தில் நான்கைந்து நடை போகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பராமரிப்பு உதவித்தொகைக்கு 50 போதவில்லை, அது எதிர்பார்த்ததுதான். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசு தரும் 300 ரூபாய்க்கு 80 சதவீதம் வேண்டும், அதுவும் இல்லை. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு மனுக் கொடுத்தோம், 2023 ஜனவரி முதல் அது மாதம் 1,500 ரூபாய். முதல் மனு திரும்பி வந்தது. விசாரணை அறிக்கையில் “மகன் வேலைக்குச் செல்கிறார்” என்று ஒரு வரி. மகன் இருப்பது வேறு ஊர், வேறு ரேஷன் கார்டு. அந்த ரேஷன் கார்டின் நகலை நாங்கள் முதலிலேயே வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. இரண்டாவது மனுவில் வைத்தோம். நடுவில் வி.ஏ.ஓ. மாறினார், தனி தாசில்தார் அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தோம். 2024 நடுவில்தான் முதல் 1,500 வங்கிக் கணக்கில் விழுந்தது.

மகனுக்கு ஒரு சின்ன ஏமாற்றம். தன்னைச் சார்ந்த மாற்றுத்திறனாளி இருந்தால் வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு உண்டு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000, பெற்றோரும் அதில் அடக்கம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உண்மைதான், ஆனால் பழைய வரி முறையில் மட்டும். அவர் இருந்தது புதிய முறையில்.

தொழில் விஷயத்தில் அட்டைக்கு முன்பே ஒன்று நடந்துவிட்டது. எலும்பு டாக்டரிடம் பேசிவிட்டு வந்த வாரமே தெரிந்தவர் ஒருவரிடம் பழைய மோட்டார் ஒன்றை வாங்கி மெஷினில் மாட்டினார். மோட்டாருக்கு மிதிக்க வேண்டாம், லேசாக அழுத்தினால் போதும், அதை இடது காலால் செய்யப் பழகிக்கொண்டார். முதல் வாரம் தையல் ஓடிய வேகத்தில் இரண்டு ஜாக்கெட் பாழ். நூல் கோர்ப்பது மனைவி. பிளவுஸ், சுடிதார் எடுப்பதில்லை, தலையணை உறை, பாவாடை, பள்ளிக்கூடப் பை என்று நேர்த்தையல் வேலைகளை மட்டும் எடுக்கிறார். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மோட்டார் பொருத்திய தையல் இயந்திரத்துக்கும் மனுக் கொடுத்திருக்கிறது, இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை.

இனி மாற்றிச் செய்வது

முதல் சந்திப்பில் நோயின் பெயரைக் கேட்டு விண்ணப்பத்தைத் தொடங்குவதை நிறுத்திவிட்டோம். தலையிலிருந்து கால் வரை கேட்கிறோம்: இரண்டு கண்ணும் தனித்தனியாக எப்படி, காது எப்படி, பேச்சு, கை விரல்கள், கால், நடை, மறதி, தூக்கம், மனம். சங்கடமான விஷயம்தான், ஆனால் ஷூவையும் கழற்றச் சொல்கிறோம். பல மாதங்கள் வீணானது அந்த ஒன்றைக் கேட்காததால்தான்.

இ-சேவை மையத்துக்கு ஆளைத் தனியாக அனுப்புவதில்லை. எந்தெந்த வகையைக் குறிக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம், ஒன்றுக்கு மேல் இருந்தால் அதைப் பெரிய எழுத்தில். மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களிடம் டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த மட்டத்தில் எடுத்தார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்கச் சொல்கிறோம், இரண்டு வருடம் கழித்து அந்த டாக்டரைத் தேடிப் பிடிப்பது முடியாத காரியம். ஓய்வூதிய மனுவோடு தனி ரேஷன் கார்டு நகல் இப்போது முதல் நாளே போகிறது.

ஒன்றை மட்டும் எப்படிச் செய்வது என்று இன்னும் தெரியவில்லை. அவருடைய வலது கண் 6/18இல் நிற்கிறது. அது 6/24 ஆனால் மறுமதிப்பீடு கேட்கலாம், 2018 அட்டவணைப்படி பார்வைக்கு 60, காலோடு சேர்த்து 70. அப்போதும் பராமரிப்புத் தொகைக்கு வேண்டிய 75 வராது. 6/60க்கும் கீழே போனால் பார்வைக்கு 80, காலோடு சேர்த்து 83க்கு மேல், எல்லாக் கதவும் திறக்கும், தையல் முடிந்துபோகும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமா என்று எங்களுக்குள் பேசினோம். இருவர் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் அவர் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, அடுத்த கண் செக்கப் எந்தத் தேதி என்று காலண்டரில் தேடிப் பார்த்து, அதைச் சுற்றி வட்டம் போட்டார்.